ஒரு படத்தில் எத்தனை நிறங்கள்?

(போர்ட் பிளேர் என்று நாம் அழைத்துவந்த ஸ்ரீ விஜயபுரத்தில், கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரே வரியில் அடங்கிவிடும். ஒரு டிஜிட்டல் படத்தைக் கணினியிடம் கொடுத்து, இதில் மொத்தம் எத்தனை வெவ்வேறு நிறங்கள் இருக்கின்றன என்று கேட்டால் என்ன விடை வரும்? நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கிற பயிற்சி இது. பத்து வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து வரி தருகிற எண்ணை நம்பி ஒரு பவளத்திட்டு நலமாக இருக்கிறதா, ஒரு தீவின் கரை எது வரை என்றெல்லாம் பேசப் போனால், எதை 'வேறு நிறம்' என்கிறோம் என்பதை முதலில் நாம் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தைக் கணினி நமக்காக எடுக்காது. அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் பற்றிய சில பெரிய உண்மைகள் படங்களின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரியவந்தன. அதனால்தான் இந்தப் பேச்சை இந்த ஊரில் வைத்துப் பேச விரும்பினேன்.

முதலில் எண்ணும் வேலையைப் பார்த்துவிடுவோம்.

கணினிக்கு நிறம் என்பது மூன்று எண்கள். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்தத் தீவிலுள்ள வண்டூர் கரையில் நின்று கடலைப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிக்சலில் சிவப்பு 18, பச்சை 92, நீலம் 120. மூன்றையும் தனித்தனியே ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் வேலை இழுக்கும். ஆகவே மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவோம். சிவப்பை 65,536-ஆல் பெருக்குங்கள்: 11,79,648. பச்சையை 256-ஆல் பெருக்குங்கள்: 23,552. இரண்டையும் கூட்டி, நீலத்தின் 120-ஐயும் சேர்த்தால் 12,03,320. அந்த நிறத்தின் எண் இதுதான். வேறு எந்த நிறத்துக்கும் இந்த எண் வராது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 1,67,77,215. ஆக, இந்த முறையில் எழுத முடிகிற நிறங்கள் மொத்தம் 1,67,77,216.

இனி எண்ண வேண்டும். புதிதாக நிரல் எழுதுபவர்கள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிக்சல் வரும்போதும் 'இந்த நிறம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா' என்று தலையிலிருந்து கடைசி வரை தேடுவார்கள். சின்னப் படத்துக்குச் சரி. ஒரு கோடி பிக்சல் உள்ள படத்துக்கு இது மணிக்கணக்கில் ஓடும். பைத்தான் மொழியில் 'செட்' என்ற அமைப்பைப் பயன்படுத்தினால் வேகம் கூடும், நினைவகம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். எனக்குப் பிடித்த வழி இன்னும் எளியது. பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவதுபோல, 1,67,77,216 நிறங்களுக்கும் ஆளுக்கு ஒரு பிட் ஒதுக்கிவிடுவது. எட்டு பிட் ஒரு பைட். அப்படியானால் 20,97,152 பைட், அதாவது சரியாக 2 மெகாபைட் போதும். படத்தை ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை நடந்து, வந்த நிறத்துக்கு நேரே 1 போட்டுவிட்டு, முடிவில் எத்தனை 1 இருக்கிறது என்று கூட்டினால் விடை. சாதாரண மடிக்கணினியிலேயே கண் இமைக்கும் நேரத்தில் முடியும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். நம் கைப்பேசி எடுக்கும் 4,000-க்கு 3,000 அளவுள்ள படத்தில் 1,20,00,000 பிக்சல்கள்தான். எல்லா நிறமும் அதில் இருக்க இடமே இல்லை. 4,096-க்கு 4,096 அளவுள்ள படத்தில் பிக்சல்கள் சரியாக 1,67,77,216. ஒவ்வொரு நிறமும் ஒரே ஒருமுறை வரும்படி அதை நிரப்பிவிடலாம்.

தயார்நிலைக் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு இடங்களில் வழுக்குகிறார்கள், சொல்லிவிடுகிறேன். பைத்தானின் பில்லோ என்ற தொகுப்பில் நிறங்களைத் தரும் செயல்கூறு ஒன்று இருக்கிறது. நாம் வேறு வரம்பு சொல்லாவிட்டால் அது 256 நிறங்கள் வரைதான் எண்ணும். அதற்கு மேல் போனால் எண்ணைத் தராது, 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பைத் திருப்பித் தரும். இன்னொன்று, நம்பை தொகுப்பில் 'யுனிக்' என்ற செயல்கூறு. படத்தை அப்படியே அதனிடம் கொடுத்தால், மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்காது. எல்லா எண்களையும் ஒரே குவியலாகக் கொட்டி, அதில் எத்தனை வெவ்வேறு எண்கள் என்று சொல்லும். எவ்வளவு வண்ணமயமான படமாக இருந்தாலும் விடை 256-ஐத் தாண்டாது. எண் வந்துவிட்டதே என்று மாணவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். மூன்றையும் ஒரே எண்ணாக்கிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும்.

இனிதான் சிக்கல் தொடங்குகிறது. நிரல் சரி, எண் சரி. அந்த எண் எதைப் பற்றியது?

சிவப்பும் வெள்ளையும் மட்டும் உள்ள ஒரு கொடியை வரைந்து பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். எண்ணினால் 2. அதே படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமித்து எண்ணிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரத்தில் நீங்கள் வரையாத நிறங்கள் கூட்டமாக வந்து நிற்கும். 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து, நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதி, அந்த எண்களைத் தோராயமாக்குகிறது. கூர்மையான ஓரங்களில் இந்தத் தோராயம் புதிய நிறங்களை உண்டாக்கும். வானம்போல மெல்ல மாறும் பரப்பில் இருந்த நிறங்களை அழித்தும் விடும். ஆக, சுருக்கப்பட்ட படத்தில் நிறம் கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இது இந்தத் தீவுகளுக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் திறந்துவைக்கப்படும் வரை, இங்கே இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோள் இணைப்பை நம்பி இருந்தது. பெரிய படக்கோப்பை அப்படியே அனுப்புவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். சுருக்கித்தான் அனுப்ப முடியும். கேபிள் வந்த பிறகும் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வழக்கமாகப் படத்தைத் தாமே சுருக்கிவிடுகின்றன. மூலக்கோப்பு தொலைந்து, இப்படிச் சுருங்கிய பிரதி மட்டும் மிஞ்சியிருந்தால், அதை நிறக் கணக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் திடமான கருத்து. என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று காட்ட அது உதவும். அதற்கு மேல் அதைக் கேட்கக் கூடாது.

சுருக்கமே இல்லாத படத்திலும் கேமராவின் இரைச்சல் இருக்கிறது. ஒரே நிறத்தில் வெள்ளையடித்த சுவரை எடுங்கள். பிக்சலுக்குப் பிக்சல் ஒன்றிரண்டு எண் ஏறி இறங்கும். கணினி அவற்றை நூற்றுக்கணக்கான நிறங்களாக எண்ணும். கண்ணுக்கு ஒரே சுவர். நம் கடல் பிக்சலையே மறுபடி எடுங்கள். நீலம் ஒன்று கூடினால் அதன் எண் 12,03,321. சிவப்பு ஒன்று கூடினால் 12,68,856. கண்ணுக்கு மூன்றும் ஒரே நிறம். எண்ணிலோ முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 65,536 இடைவெளி. நிறங்களுக்குப் பெயர்போல எண் கொடுத்தோமே தவிர, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

கண்ணின் கணக்கும் சீரானதாக இல்லை. 1942-இல் மெக்காடம் என்ற அறிஞர் நடத்திய சோதனைகள், சில நிறங்களில் நுண்ணிய மாற்றத்தையும் கண் பிடித்துவிடுகிறது, சில நிறங்களில் பெரிய மாற்றத்தையும் விட்டுவிடுகிறது என்று காட்டின. இதைச் சரிக்கட்டத்தான் 1976-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 'லேப்' என்ற நிற அளவீட்டை வகுத்தது. அதில் இரு நிறங்களுக்கு இடையிலுள்ள தூரம் கண் உணரும் வேறுபாட்டுக்கு ஓரளவு ஒத்துப்போகும். 'எத்தனை நிறம்' என்பதற்குப் பதில் 'கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியும் நிறம் எத்தனை' என்று கேட்டால், இந்த அளவீட்டுக்குப் போய்த்தான் எண்ண வேண்டும்.

எளிய வழியும் உண்டு. ஒவ்வொரு எண்ணிலும் கடைசி மூன்று பிட்டுகளைத் தள்ளிவிட்டால் 32,768 பெட்டிகள். நான்கைத் தள்ளினால் 4,096. இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் 127-உம் 128-உம் அடுத்தடுத்த எண்களாக இருந்தும் வேறு வேறு பெட்டிக்குப் போய்விடும். எந்த எல்லையிலும் இந்தக் கோளாறு இருக்கும். அதனால்தான் படத்தில் நிறங்கள் எங்கே கூட்டமாக இருக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்பப் பிரிக்கும் முறைகள் வந்தன. 1982-இல் பால் ஹெக்பர்ட் வெளியிட்ட 'மீடியன் கட்' அப்படி ஒன்று. செயற்கைக்கோள் படங்களோடு வேலை செய்பவர்கள் 1965-இல் வந்த 'ஐசோடேட்டா' முறையை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இந்த முறைகளில் பலவற்றிலும் எத்தனை கூட்டம் வேண்டும் என்பதை நாமே சொல்ல வேண்டும், அல்லது எவ்வளவு நெருக்கமாக இருந்தால் ஒரே கூட்டம் என்பதையாவது சொல்ல வேண்டும். மனிதனின் தீர்மானம் இல்லாமல் எண் பிறப்பதில்லை.

இப்போது வானத்திலிருந்து நம் தீவுகளைப் பார்ப்போம்.

1988 மார்ச் 17 அன்று இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் (ஐஆர்எஸ்) வரிசையில் முதலாவதான ஐஆர்எஸ்-1ஏ ஏவப்பட்டது. அதன் கேமரா ஒவ்வொரு அலைவரிசையிலும் 7 பிட், அதாவது 128 படிகள் மட்டுமே பதியும். மூன்று அலைவரிசைகளைச் சேர்த்தால் 20,97,152 கலவைகள். 2013-இல் வந்த லேண்ட்சாட் 8 ஒவ்வொரு அலைவரிசையிலும் 12 பிட் பதிகிறது. மூன்றைச் சேர்த்தால் 6,871 கோடிக்கும் மேல். நம் திரையில் பார்க்கும்போது இவையெல்லாம் 8 பிட்டுக்குள் அடைக்கப்படுகின்றன. எதை விரித்துக் காட்டுவது, எதை நெருக்குவது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். திரையில் தெரியும் படத்தை எண்ணுகிறவர் அந்த ஒருவரின் முடிவையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார். படத்தைச் சாய்த்துத் திருத்தி வரைபடத்தோடு பொருத்தும்போதும் இப்படித்தான். பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை எடுக்கும் முறையில் பொருத்தினால், செயற்கைக்கோள் எங்கேயும் பார்க்காத புதிய மதிப்புகள் முளைக்கும். அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுத்து வைக்கும் முறையில் மூல மதிப்பு காப்பாற்றப்படும். வகைப்படுத்தும் வேலைக்கு இரண்டாவதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26. அந்தத் தேதியை இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்றைய நிலநடுக்கத்தில் சுமத்ராவிலிருந்து அந்தமானின் வடக்கு வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் நிலம் பிளந்தது. கடல் ஏறி வந்ததை உலகம் பார்த்தது. நிலமே ஏறியதும் இறங்கியதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. வட அந்தமானின் மேற்குக் கரையும் இன்டர்வியூ தீவும் உயர்ந்தன. போர்ட் பிளேர் பக்கம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்து நின்றது. தெற்கே இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது.

எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்று அளக்க எல்லாத் தீவிலும் இறங்க முடியாது. வட சென்டினல் தீவை நெருங்கவே கூடாது. ஆரன் மெல்ட்ஸ்னரும் கெர்ரி சீயும் அவர்களுடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தடையைப் படங்களின் துணையோடு தாண்டியது. நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த படம் ஒன்று, பின் எடுத்த படம் ஒன்று. அண்மை அகச்சிவப்பு அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக விழுங்கிவிடும். ஆகவே கொஞ்சம் நீர் மூடிய பவளத்திட்டுகூட அந்தப் படத்தில் இருட்டாக இருக்கும். நீரைவிட்டு வெளியே வந்தால் பளிச்சென்று தெரியும். பழைய படம் எடுத்த நேரத்தில் ஓதம் எவ்வளவு, புதிய படம் எடுத்த நேரத்தில் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். முன்பு நீர்மட்டம் குறைந்திருந்தபோதும் மூழ்கியிருந்த திட்டு, பிறகு நீர்மட்டம் கூடியிருந்தபோதும் வெளியே தெரிந்தால், நிலம் குறைந்தது அந்த வித்தியாசத்தின் அளவுக்காவது உயர்ந்திருக்க வேண்டும். வட சென்டினலைச் சுற்றி இப்படி வெளிவந்த திட்டு, தீவின் கரையையே அகலமாக்கிக் காட்டியது. உயர்ந்த பகுதிக்கும் தாழ்ந்த பகுதிக்கும் நடுவே ஓடும் கோட்டை இந்த முறையில்தான் வரைந்தார்கள்.

அந்த ஆய்வில் எத்தனை நிறங்கள் தேவைப்பட்டன? இரண்டு. நீர் மூடியது, நீர் மூடாதது. கோடிக்கணக்கான கலவைகள் கையில் இருக்க, கேள்விக்கு வேண்டிய இரண்டை மட்டும் பிரித்தெடுத்ததில்தான் அவர்களுடைய திறமை இருக்கிறது. கூடவே படம் எடுத்த நேரம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நேரம் தெரியாவிட்டால் ஓதம் தெரியாது. ஓதம் தெரியாவிட்டால் அந்த இரண்டு நிறங்களால் ஒரு பயனும் இல்லை.

அலையாத்திக் காடுகளிலும் அதே நிலநடுக்கத்தின் தடம் இருக்கிறது. பசுமையான மரம் அந்த அகச்சிவப்பு அலைவரிசையை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அதனால் செயற்கைக்கோள் படங்களில் காட்டைச் சிவப்பாகக் காட்டுவது வழக்கம். 2004-க்குப் பிறகு பல இடங்களில் அந்தச் சிவப்பு மங்கியது. வடக்கே நிலம் உயர்ந்து ஓதநீர் எட்டாமல் மரங்கள் காய்ந்தன. தெற்கே நிலம் தாழ்ந்து எந்நேரமும் நீரில் நின்று மரங்கள் மாண்டன. படத்தில் இரண்டுமே சிவப்பு போன இடங்கள். காரணமோ நேர் எதிர். நிறத்தை மட்டும் எண்ணிக் 'காடு இவ்வளவு அழிந்தது' என்று எழுதினால், எந்த இடத்தில் மீண்டும் நடலாம், எந்த இடத்தில் நட்டாலும் பிழைக்காது என்ற கேள்விக்கு விடை இருக்காது.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். இந்தியச் செயற்கைக்கோள்களில் வரும் லிஸ்-3 கேமராவின் ஒரு பிக்சல் 23.5 மீட்டர் சதுரம். தரையில் சுமார் 552 சதுர மீட்டர். அதில் பாதி மரம், பாதி நீர் என்றிருந்தால் பதிவாகும் நிறம் மரத்துடையதும் இல்லை, நீருடையதும் இல்லை. நம் தீவுகளில் பவளத்திட்டுகள் கரையை ஒட்டி ஒடுங்கிய பட்டையாக ஓடுகின்றன. பெரிய நிலப்பரப்பில் கலப்புப் பிக்சல்கள் ஓரத்தில் சிலவாக நிற்கும். இங்கே ஓரமே மிகுதி. ஆகவே வெளியூரில் பழக்கிய வகைப்படுத்தும் நிரலை அப்படியே கொண்டுவந்து இங்கே ஓட்டாதீர்கள்.

கடைசியாகப் பவளம். பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பாலும் நிறமும் உணவும் தருகிறது. கடல் சூடேறி வாரக்கணக்கில் நீடித்தால் அந்தப் பாசி வெளியேறிவிடும். வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு திசுவின் வழியே தெரியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தத் தீவுகளின் பவளங்கள் இப்படி வெளிறின. 2010-இல் அது ஏப்ரல், மே மாதங்களில் பரவலாக நடந்தது.

வெளிறிய பவளத்தின் படத்தில் நிறங்களை எண்ணினால் குறைவாக வரும் என்றுதான் நினைப்போம். ஆனால் வெள்ளைக் கூட்டின் மேடு பள்ளங்களில் வெளிச்சமும் நிழலும் விழுந்தாலே ஆயிரக்கணக்கான மதிப்புகள் வந்துவிடும். ஆழம் கூடக்கூட நீர் முதலில் சிவப்பை விழுங்கும். நலமான பவளமும் பத்து மீட்டர் ஆழத்தில் நீலம் பூசியதாகத் தெரியும். எண்ணிக்கை எதையும் சொல்லாது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டம் இதற்கு ஒரு அட்டையைத் தந்தது. நான்கு நிறவரிசைகள், ஒவ்வொன்றிலும் வெளிர் முதல் அடர் வரை 1 முதல் 6 வரை படிகள். நீரில் மூழ்குபவர் அட்டையைப் பவளத்தின் பக்கத்தில் பிடித்து, வெளிர் நிறமான இடத்துக்கு ஒரு எண், அடர்ந்த இடத்துக்கு ஒரு எண் குறித்துக்கொள்கிறார். அதே நீர், அதே வெளிச்சம் இரண்டின்மேலும் விழுவதால் ஒப்பீடு நியாயமாக இருக்கிறது. அட்டையோடு சேர்த்து எடுத்த படத்தைப் பின்னால் நிரலால் திருத்தவும் முடியும். அட்டையின் உண்மை நிறம் நமக்குத் தெரியுமே.

வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் 15 தீவுகள் இருக்கின்றன. ஜாலி பாய் தீவுக்குக் கண்ணாடி அடிப்படகில் அழைத்துப் போகிறவர்கள், ஸ்வராஜ் தீவில் டைவிங் கற்றுத்தருகிறவர்கள், மீன்பிடிக்கப் போகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள் என்று இந்தக் கடலை அன்றாடம் பார்ப்பவர்கள் நீங்கள்தான். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பவளத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நிற அட்டை வையுங்கள். கேமரா தருகிற மூலக்கோப்பைச் சுருக்காமல், திருத்தாமல் ஒரு பிரதி தனியே வைத்திருங்கள். நண்பர்களுக்கு அனுப்புவது வேறு பிரதியாக இருக்கட்டும். தேதி, மணி, இடம், ஆழம் நான்கையும் அன்றன்றே எழுதிவிடுங்கள். அதே இடத்துக்கு அடுத்த ஆண்டும் போய் எடுங்கள். கடல் சூடேறும் ஏப்ரல் மாதத்துக்கு முன்பே, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ முதல் படத்தை எடுத்துவிட்டால், பிறகு வருகிற மாற்றத்தை ஒப்பிட ஒரு அடிப்படை இருக்கும். நிரல் எழுதும் மாணவர்கள் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.